ஜெட் படகு இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக்: பல சீசன் ஓட்டியபின் என் தேர்வு

தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகுக்கு பிளக் மாற்றும்போது இரிடியம் போடலாமா, சாதாரண நிக்கல் போதுமா என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. ஒரே இன்ஜினில் இரண்டையும் பல சீசன் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உலோகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் முடிவு செய்ய வேண்டியது வெப்ப எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண். என் படகில் இருப்பது கார்புரேட்டர் வைத்த, எட்டு சிலிண்டர் கொண்ட பழைய மாதிரி வி8. அலுமினிய ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), கியர்பாக்ஸ் இல்லாமல் நேராகப் பம்போடு இணைப்பு, குளிர்விக்க வெளித்தண்ணீர், அதாவது படகு மிதக்கும் தண்ணீரே.

இதே குடும்பத்து இன்ஜின் காரிலும் ஓடுகிறதே, காருக்குப் போடும் பிளக்கையே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜின் ஒன்றாக இருக்கலாம், வேலை ஒன்றல்ல. சமதரையில் சீராகப் போகும் கார் தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. ஜெட் படகுக்கு இறக்கமும் கிடையாது, டாப் கியரும் கிடையாது. வேகமாகப் போகும் நேரம் முழுக்க இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழலும் விசிறி, இன்ஜினைப் பிழிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுமையும் ஆர்பிஎம்மின் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி) மூன்றாம் அடுக்காக ஏறும். சுழற்சி இரண்டு மடங்கானால் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும்.

பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் படிந்த கரி தானாக எரிந்து போகும். 800 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் ஸ்பார்க் வரும் முன்னரே அந்த முனையே பெட்ரோலைப் பற்றவைக்கத் தொடங்கும். அந்த நிலையில் பிஸ்டன் ஓட்டையாக அதிக நேரம் பிடிக்காது. வெப்ப எண் ஒரு படி மாறினால் முனையின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும். கையில் இருக்கும் இடைவெளி அவ்வளவு பெரிதல்ல என்பது இதிலிருந்தே தெரியும்.

இன்னொரு குழப்பம், எண்கள் எல்லா பிராண்டுக்கும் ஒரே திசையில் போவதில்லை. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். சாம்பியன், போஷ் இரண்டிலும் எண் கூடினால் சூடானது. பிராண்டு மாற்றும்போது எண்ணை ஊகிக்காமல் மாற்று அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

இந்தப் படகு என் கைக்கு வந்தபோது கையேட்டில் சொன்னதைவிட ஒரு படி சூடான பிளக்குகள் அதில் இருந்தன. கழற்றிப் பார்த்தால் பீங்கான் முனை சுண்ணாம்பு வெள்ளை. இரண்டு பிளக்கில் மிளகாய் விதையைவிடச் சிறிய பளபளப்பான புள்ளிகள். அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். ஏன் அப்படிப் போட்டிருப்பார்கள் என்பதும் புரிகிறது. வெளித்தண்ணீரில் குளிரும் இன்ஜினில் தண்ணீர் 60, 70 டிகிரியில்தான் இருக்கும். சில படகுகளில் தெர்மோஸ்டாட்டே இருக்காது. கூடவே, மெதுவாகப் போக வேண்டிய பகுதிகளில் நெடுநேரம் ஐட்லிங்கில் உருட்டினால் பிளக்கில் கரி பிடித்து மிஸ்ஸிங் வரும். இன்ஜின் குளிர்ந்து கிடக்கிறது, கொஞ்சம் சூடான பிளக் போடுவோம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சுற்றி ஓடும் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்பதற்காக முழு த்ராட்டிலில் உள்ளே எரியும் நெருப்பு தணிந்துவிடாது. பிளக்கை நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த நெருப்புக்கு.

கையேட்டில் உள்ள எண்ணுக்கே திரும்பினேன். மெதுவான ஓட்டத்துக்குப் பிறகு பாதுகாப்பான இடம் வந்ததும் சிறிது நேரம் நல்ல வேகத்தில் விட்டால் கரி எரிந்து போகிறது. அப்படியும் கறுப்பாகவே வந்தால் குற்றவாளி பிளக் அல்ல. சோக் முழுதாகத் திறக்கிறதா, கார்புரேட்டரில் மிதவை மட்டம் சரியா என்று பாருங்கள். இப்போது என் பிளக்குகள் வெளிர் பழுப்பில் வருகின்றன, எட்டும் ஏறக்குறைய ஒரே நிறம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிசயமாகச் சுத்தமாக இருந்தால் மகிழ வேண்டாம். அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து, நீராவி அதைக் கழுவியிருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நிறம் பார்ப்பதற்காக முழு வேகத்தில் போய் சட்டென்று இன்ஜினை அணைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஜெட் படகில் பின்னால் உள்ள நாசிலிலிருந்து (தண்ணீர் பீய்ச்சும் குழல்வாய்) தண்ணீர் பாயாவிட்டால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. எதிரே யாரும் எதுவும் இல்லாத அகன்ற நீர்ப்பரப்பில் தவிர இதைச் செய்யவே கூடாது.

பிளக் போகத் தொடங்குவதை ஜெட் படகில் காது கண்டுபிடிப்பதைவிட ஆர்பிஎம் மீட்டர் நன்றாகக் கண்டுபிடிக்கும். இதை எல்லா ஜெட் படகுக்காரர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. இம்பெல்லர் மாறாத வரை, முழு த்ராட்டிலில் வரும் ஆர்பிஎம்தான் உங்கள் இன்ஜினின் சக்தி அளவு. வி8-ல் ஒரு சிலிண்டர் செத்தால் எட்டில் ஒரு பங்கு சக்தி போகும். ஆனால் மூன்றாம் அடுக்குக் கணக்கால், 4500 வந்த இடத்தில் சுமார் 4300 வரும், அவ்வளவுதான். 200 தானே என்று விட்டுவிடத் தோன்றும், ஆனால் அந்த 200-க்குப் பின்னால் ஒரு முழு சிலிண்டர் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக ஆர்பிஎம் ஏறி, படகு மட்டும் முன்போல் ஓடாவிட்டால் பிளக்கைத் தொட வேண்டாம். உறிஞ்சும் வாயில் கம்பிச் சட்டத்தில் பாசியோ குச்சியோ சிக்கியிருக்கும், அல்லது பம்புக்குள் காற்று போகும், அல்லது இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். பம்பின் கோளாறுக்கு எட்டு பிளக்கையும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இரிடியம். குளிர்ந்த இன்ஜின் சீக்கிரம் பிடித்தது, ஐட்லிங் சீரானது, உண்மைதான். முழு வேகத்தில் மீட்டர் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. இரிடியத்தின் பெரிய பலம் ஆயுள். ஈரமான என் இன்ஜின் அறையிலோ மெல்லிய எலெக்ட்ரோடு தேய்வதற்கு வெகு முன்பே பிளக்கின் உடலில் துரு ஏறிவிடுகிறது. அதனால் நிக்கல் பிளக்கையே போட்டு, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது சீசன் தொடக்கத்தில், எது முந்துகிறதோ அப்போது மாற்றுகிறேன். இரிடியம்தான் வேண்டும் என்று கையேடு சொல்லும் புது இன்ஜின்களுக்கு இது பொருந்தாது, அதில் சொன்னதையே போடுங்கள்.

வாங்கும்போது திரெட் விட்டத்தோடு திரெட் நீளத்தையும் பாருங்கள். என்ஜிகேயின் பிஆர்8எச்எஸ், பிஆர்8இஎஸ் இரண்டும் 14 மி.மீ. விட்டம், ஒரே வெப்ப எண். ஆனால் எச் என்றால் திரெட் நீளம் 12.7 மி.மீ., இ என்றால் 19 மி.மீ. குட்டை திரெட்டுக்கான ஹெட்டில் நீளப் பிளக்கை இறக்கினால் பிஸ்டனோ வால்வோ இடிக்கும். நடுவில் உள்ள ஆர் ரெசிஸ்டரைக் குறிக்கும். அது இல்லாவிட்டால் ரேடியோவிலும் ஆழம் காட்டும் கருவியிலும் இரைச்சல் வரும். போலிகளும் நிறைய உலவுகின்றன. கேஸ்கெட் வளையம் கையோடு லேசாகக் கழன்று வந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

பெட்டியில் வந்த கேப் (எலெக்ட்ரோடுகளுக்கு இடையிலான இடைவெளி) சரியாக இருக்கும் என்று நம்பாமல், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். மாட்டும்போது குளிர்ந்த ஹெட்டில் முழுக்கக் கையாலேயே திருகி இறக்கி, கடைசியில் இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கேஸ்கெட் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். திரெட்டில் கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பதால் நான் தடவுவதில்லை. ஒயர் தொப்பியின் உள்ளே மட்டும் சிறிது சிலிக்கான் கிரீஸ்.

விரிசல் விட்ட ஒயரைப் படகில் ஒருநாள்கூட வைத்திருக்காதீர்கள். மூடிய இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தரையோடு தங்கும், வெளியே தாவும் ஒரு பொறி அதற்குப் போதும். புது பிளக் மாட்டிய பிறகும் ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளோயரை (இன்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் விசிறி) குறைந்தது 4 நிமிடம் ஓட விட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன்.