களியக்காவிளையில் ஒரு பல்கேரியத் தயிர்க்கடை

களியக்காவிளைச் சந்தைக்குச் சற்று முன்பாக, நான்கு மேசைகள் மட்டுமே கொண்ட இந்தச் சிற்றுண்டிக் கடையை நடத்துபவர், குவைத்தில் பல்கேரியக் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் சமைத்துவிட்டு ஊர் திரும்பியவர். லிபியாவுக்கும் ஈராக்குக்கும் பல்கேரிய மருத்துவர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள் சென்ற நூற்றாண்டிலேயே வேலைக்குப் போயிருக்கிறார்கள். குவைத்தில் இவர் அறிந்ததோ விரல்விட்டு எண்ணத்தக்க சில வீடுகள். விடுமுறை நாளில் அவர்கள் ஒரே வீட்டில் கூடி, பிள்ளைகளுக்குத் தம் மொழியின் சிரிலிக் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரே பந்தியாக உண்பார்களாம். அந்தப் பந்தியின் சாப்பாட்டைத்தான் இங்கே பரிமாறுகிறார்.

தயிருக்காகவே ஒருமுறை போகலாம். 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மருத்துவ மாணவர் ஜெனீவாவில் அடையாளம் கண்ட நுண்ணுயிரால் உறைவது அது. ஏறத்தாழ 43 பாகைச் சூடு விடாமல் கிடைத்தால்தான் நன்றாக உறையும் என்பதால், உறை ஊற்றிய பாலை மூடிய பெட்டியில் சூடு குறையாமல் வைத்துக் காக்கிறார். கரண்டியால் எடுத்தால் துண்டாகவே வருகிறது. புளிப்பு கூர்மையானது, ஆனால் நாவில் தங்குவதில்லை. மார்த்தாண்டம் தேன் ஊற்றித் தருகிறார்; பொருத்தமான சேர்க்கை. இதே தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, சதகுப்பைக் கீரை, அக்ரூட் சேர்த்துக் குளிரக் குளிரத் தரும் தாராத்தோர், தேங்காயும் கடுகும் அரைத்த நம் வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குத் தூரத்து உறவு போலிருக்கிறது. ஆனால் இது குடிக்கும் பதத்தில் இருக்கும்.

பானிட்சாவில்தான் எனக்குக் குறை. மெல்லிய மாவுத் தாள்களுக்கிடையே முட்டையும் உப்புநீரில் ஊறிய வெண்பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட வேண்டிய பண்டத்தில் பனீரைப் போட்டால், உப்பும் புளிப்பும் இல்லாமல் வெறும் மாவு தின்பதுபோல் ஆகிவிடுகிறது. அந்தப் பாலாடைக்கட்டி இங்கே கிடைப்பதில்லை என்றார். பனீரையே இரண்டு நாள் உப்புநீரில் ஊறவைத்துப் பார்க்கலாமே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷோப்ஸ்கா சாலட்டிலும் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் நன்றாயிருக்க, மேலே துருவிய பனீர்தான் சுவையைக் கெடுக்கிறது.

கல்லாவுக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலொன்று தொங்குகிறது. மார்ச் 1 அன்று பல்கேரியர்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிடும் நூல் அது. அந்த வீடுகளில் ஒரு மூதாட்டி இவர் கையிலும் கட்டிவிட்டாராம்.

தயிர்க் கிண்ணம் 60 ரூபாய். பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிறகு தயிர் இருப்பதில்லை.