அல்பீன் ஏ110: நிறத்துக்கு முன் இருக்கை

பிரான்ஸின் லியோனில் வசிக்கும் நண்பர் ஒருவர், இருவர் மட்டுமே அமரக்கூடிய பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் காரான அல்பீன் ஏ110 வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டார். ஆர்டர் படிவத்தை எனக்கு அனுப்பி, எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று கேட்டிருந்தார். நிறம் குறித்தாகிவிட்டது. சக்கரம் குறித்தாகிவிட்டது. சைலன்சர், ஒலிபெருக்கி, பின்பக்கக் கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தம் எண்ணத்தை எழுதியிருந்தார். இருக்கைக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. 'அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விற்பனையாளர் சொன்னாராம். அதைப் படித்ததும் வந்த கோபத்தில்தான், அவருக்கு மட்டும் எழுத வேண்டிய பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். இந்தக் காரில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இருக்கை. பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவைதாம் மற்ற எல்லாம்.

என்னுடையது 2021-இல் ஆர்டர் கொடுத்து வாங்கிய 'ப்யூர்'. அந்தப் பெயர் அந்த ஆண்டு இறுதியிலேயே வழக்கொழிந்துவிட்டது; 252 குதிரைத்திறன் கொண்ட அடிப்படை ஏ110 என்றால் எல்லோருக்கும் புரியும். அப்போது என் தேர்வு ப்யூர், லெஜாந்த் என்ற இரண்டு வகைகளுக்கு இடையே இருந்தது. லெஜாந்தில் முதுகைச் சாய்க்கலாம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ப்யூரில் இத்தாலியின் சாபெல்ட் நிறுவனம் செய்த, முதுகும் அடியும் ஒரே கூடாக அமைந்த இருக்கை. அது முன்னும் பின்னும் நகரும். வேறு எந்த அசைவும் அதற்கு இல்லை.

அந்த இருக்கை ஒவ்வொன்றும் 13.1 கிலோ. அல்பீனைச் சொந்தமாகக் கொண்ட ரெனோ குழுமத்தின் மெகான் ஆர்எஸ் காரில் இருந்த இருக்கையின் எடையில் ஏறக்குறைய பாதி. கைப்பிரேக்கின் இயக்கத்தைப் பின்சக்கர பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பருக்குள்ளேயே அடக்கி, பிரேக் தயாரிக்கும் பிரெம்போ நிறுவனத்துடன் சேர்ந்து 2.5 கிலோவை மிச்சப்படுத்திய பொறியாளர்கள் செய்த கார் இது. 1,100 கிலோவை ஒட்டி நிற்கும் ஒரு காரை உருவாக்க, இப்படித்தான் ஒவ்வொரு பாகத்தோடும் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இந்த இருக்கை எனக்குப் பிடித்ததற்கு எடை காரணம் அல்ல.

ஏ110-இன் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். கார் ஒரு பக்கம் சாய்ந்தாலும் டயர் சாலையில் தட்டையாகப் படிந்திருக்க உதவும் அமைப்பு அது. அதனால் ஸ்பிரிங்கைக் கல்லாக இறுக்கி வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இந்தக் கார் மேடுபள்ளங்களை மென்மையாக விழுங்குகிறது; வளைவில் கண்ணுக்குத் தெரியும்படி சாய்கிறது. பந்தயக் கார் போன்ற தோற்றத்தைப் பார்த்துவிட்டு ஏறுபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. கார் சாயும்போது உட்கார்ந்திருப்பவரும் சாய்கிறார். விலாவையும் தொடையையும் தாங்க ஏதும் இல்லையென்றால், ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டுதான் உடம்பை நிறுத்த வேண்டியிருக்கும். அப்படி இறுகப் பற்றிய கைகளுக்கு ஸ்டீயரிங் எந்தச் செய்தியும் சொல்லாது. சாபெல்ட் இருக்கை உடம்பை அப்படியே நிறுத்திவிடுகிறது. கைகள் தளர்ந்து, விரல் நுனியால் ஓட்ட முடிகிறது. கிழக்கு பிரான்ஸின் வோஜ் மலைத்தொடரில் முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ராணுவத்துக்காகப் போட்ட ரூத் தே கிரெத் என்ற சாலை இருக்கிறது. அதில் அடுத்தடுத்து வரும் வளைவுகளில், முன்சக்கரத்தின் பிடி எங்கே தளரத் தொடங்குகிறது என்பது எனக்கு இடுப்பு வழியாகவே தெரிகிறது. இந்தச் சுகத்தைப் பணம் கொடுத்துப் பின்னால் எளிதில் சேர்த்துக்கொள்ள முடியாது. சக்கரத்தை மாற்றலாம், சைலன்சரை மாற்றலாம், டயரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். இருக்கையோ, ஆர்டர் கொடுக்கும் நாளில் எதைக் குறித்தோமோ அதுதான்.

நீண்ட பயணத்தில் முதுகு வலிக்கும் என்று எச்சரித்தவர்கள் பலர். வலிக்கவில்லை. பாரிஸிலிருந்து கிரெனோபிள் ஏறக்குறைய 570 கி.மீ. வழியில் பெட்ரோலுக்காக நிறுத்துவோம், ஏனென்றால் தொட்டி 45 லிட்டர்தான். முதுகுக்காக நிறுத்தியதே இல்லை. மெல்லிய மெத்தை, சாயாத முதுகு, இவற்றோடு இது எப்படிச் சாத்தியம் என்று பலமுறை வியந்திருக்கிறேன். என் அலுவலக நாற்காலியைவிட இது என் முதுகை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இந்த இருக்கையின் உயரத்தை மாற்ற நெம்புகோல் கிடையாது. அடியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, வேறு துளையில் பொருத்தினால்தான் உயரம் மாறும். என் மனைவி என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவு. எனக்குப் பொருந்தும் உயரத்தில் அவர் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் பாதிச் சாலைதான் தெரிகிறது. அவருக்கு ஏற்ப உயர்த்தினால் என் தலை கூரையைத் தொடுகிறது. இருவரும் மாறி மாறி ஓட்டும் வீட்டில் இது அன்றாடப் பிரச்சினை. ஆர்டர் எழுதிய விற்பனையாளர் மறுவிற்பனை மதிப்பைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினார். வண்ணத்தின் மறுவிற்பனை மதிப்பு, சக்கரத்தின் மறுவிற்பனை மதிப்பு, தையல் நூலின் நிறத்துக்குக்கூட மறுவிற்பனை மதிப்பு. 'இந்தக் காரை யார் யார் ஓட்டுவீர்கள்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. என் மனைவி அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

நாமே ஸ்பானரை எடுத்துச் செய்துகொள்ளலாமே என்பீர்கள். எங்கள் அடுக்ககத்தின் நிலவறை நிறுத்துமிடத்தில் கதவை முழுதாகத் திறக்கவே இடம் போதாது. ஆகவே பணிமனைக்குத்தான் போக வேண்டும். அண்மையில், கோடை முழுவதும் மனைவியே அதிகம் ஓட்டப் போகிறார் என்பதால் இருக்கையை உயர்த்தித் தரச் சொன்னோம். இடப்பக்கம் ஒரு துளை, வலப்பக்கம் வேறு துளை என்று பொருத்தி அனுப்பிவிட்டார்கள். சில நாட்கள் இடுப்பு வலியோடு ஓட்டிய பிறகுதான் அவர் அதைக் கண்டுபிடித்தார். திரும்பக் கொண்டுபோனபோது, சரிசெய்த வேலைக்கும் கூலி கேட்டார்கள். நான் கொடுக்க மறுத்துவிட்டேன். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு அந்தப் பணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். முதல் வேலையின் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இதில் காரின் குற்றம் எதுவும் இல்லை, இருக்கையின் குற்றமும் இல்லை. அது என்ன என்பதை அது மறைக்கவே இல்லை. மறைத்தவர்கள் அதை விற்றவர்கள்.

யார் ஓட்டுவார்கள் என்பதோடு, யார் ஏறுவார்கள் என்பதும் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து அம்மா வந்திருந்தபோது காரில் அழைத்துக்கொண்டு போனேன். கார் தாழ்வு, இருக்கையின் விளிம்போ உயரம். புடவையோடு அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே அமர அவர் பட்ட பாட்டைவிட, இறங்கப் பட்ட பாடு அதிகம். மூட்டு வலி உள்ளவர். 'கார் அழகாக இருக்கிறது, நான் ரயிலிலேயே வருகிறேன்' என்று சொல்லிவிட்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களை ஷோரூமுக்கு அழைத்துப்போய் ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எந்த விளம்பரத் தாளும் சொல்லாததை அவர்கள் முகம் சொல்லிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்க சென்சாரும் கேமராவும் கட்டாயம் எடுங்கள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பின்கண்ணாடி வழியே தெரிவது மிகக் குறைவு, அலுமினிய உடலைத் தட்டி நேராக்க எல்லாப் பணிமனைகளாலும் முடியாது. இருக்கைகளுக்கு இடையே வைக்கும் சிறு பெட்டியையும் எடுங்கள். முன்னால் 100 லிட்டர், பின்னால் 96 லிட்டர் என்று சாமான் இடம் இருந்தாலும், உள்ளே கையுறைப் பெட்டிகூட இல்லாத கார் இது. பிரேக்கில் 296 மி.மீ. தட்டே சாலைக்குத் தாராளம். பந்தயத் தளத்துக்குப் போகிறவர் 320 மி.மீ. எடுக்கட்டும். ஸ்போர்ட் சைலன்சர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இதற்குமேல் அதற்கு நியாயம் தேட நான் தயாரில்லை. ஃபோக்கல் ஒலிபெருக்கிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். காதுக்குப் பின்னால் எஞ்சின் இருக்கும்போது பாட்டைக் குறைத்து வைத்துத்தான் ஓட்டுவீர்கள்.

சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரியையும் பாருங்கள். பிரான்ஸில் புதுக் காரை முதன்முதலாகப் பதிவு செய்யும்போது, அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் அளவுக்கு ஏற்ப மாலுஸ் வரி விதிக்கிறார்கள். அதன் உச்சவரம்பு 2020-இல் 20,000 யூரோ. 2024-இல் 60,000 யூரோ. டபிள்யூஎல்டிபி என்ற உமிழ்வுச் சோதனை முறையில் இந்த அளவு மாடலுக்குப் பொதுவாக அல்லாமல், நீங்கள் குறித்த ஆப்ஷன்களோடு கூடிய உங்கள் காருக்கென்று தனியாகக் கணக்கிடப்படுகிறது. எடை கூடினால், டயர் மாறினால், ஒரு கிலோமீட்டருக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் கிராம் கூடலாம். கிராம் கூடினால் வரி கூடும். ஆகவே ஒவ்வொரு டிக்குக்குப் பிறகும் கார்பன் எண் என்னவாகிறது என்று காட்டச் சொல்லுங்கள். படிவத்தில் அந்த எண் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். விற்பனையாளருக்கு அதைப் பெரிதாகக் காட்டும் ஆர்வம் இருக்காது.

நிறத்தைப் பற்றி நண்பர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். சாம்பல் நிறம் பின்னால் விற்க எளிது என்று அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். உற்பத்தியாளர்களுக்கான முதல் உலக ராலி சாம்பியன் பட்டத்தை 1973-இல் வென்றது அல்பீன். அதை வென்றுகொடுத்தது பழைய ஏ110, அந்தக் கார்களின் நிறம் நீலம். ஜான் ரெதெலே தம் சொந்த ஊரான தியெப்பில் அல்பீனைத் தொடங்கினார்; இந்தப் புதிய ஏ110-உம் உருவானது அதே ஊரில்தான். அடுத்து வாங்கப் போகும் முகம் தெரியாத ஒருவருக்காக, ஆண்டுக்கணக்கில் நீங்கள் ஏன் சாம்பல் நிறக் காரை ஓட்ட வேண்டும்? நீலம் எடுங்கள்.

இருக்கைக்கு எதிரே என்ன எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில்: சாயக்கூடிய, உயரம் மாற்றக்கூடிய இருக்கையை எடுங்கள். ஒரே கூடாக அமைந்த சாபெல்ட் இருக்கையை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியும். புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. அதைப் போல் என்னைத் தாங்கிய இருக்கை வேறு எந்தக் காரிலும் இருந்ததில்லை. ஆனால் பணிமனை ரசீது மேசை மேல் கிடக்கிறது, மனைவிக்கு இடுப்பு வலி இன்னும் முழுதாகத் தீரவில்லை. அடுத்த முறை வோஜ் மலைக்குப் போய்த் திரும்பிய பிறகு கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். நீங்கள் இந்த வாரம் கேட்டிருக்கிறீர்கள். இந்த வாரத்துப் பதில் இதுதான்.

அதையும் மீறி அந்தக் கூடு போன்ற சாபெல்ட் இருக்கைதான் வேண்டுமென்றால், உங்கள் மனைவியோடு ஷோரூமுக்குப் போங்கள். இருவரும் தனித்தனியே பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரமாவது உட்காருங்கள். எந்த உயரம் என்பதை முடிவு செய்து, ஒப்படைக்கும் முன் அதே உயரத்தில் பொருத்தித் தர வேண்டும் என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னர் ஒருமுறை உயரத்தை மாற்ற எவ்வளவு கூலி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லை என்று அவர் சொன்னால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.