வீட்டு நடையா, பிசியோதெரபி மையமா?

ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பலருக்கும் தரையில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால் தொடைத் தசைதான் முதலில் கரையும்.

நடைக்குச் செலவில்லை. கூட்டமில்லாத காலையில் தெருமுனை வரை போய்வந்தால் தொற்று பயமும் குறைவு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஆனால் நடை மட்டும் தொடைக்குப் பழைய பலத்தைத் தராது.

அதற்குத்தான் பிசியோதெரபிஸ்ட். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லி, 30 நொடியில் எத்தனை முறை என்று எண்ணுவார். அந்த எண்ணிக்கை 5, 7, 9 என்று ஏறுவதைப் பார்க்கிற சந்தோஷமே தனி! மைலோமா என்ற, எலும்பை அரிக்கிற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கு முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்கு இதயத்தையும் கவனிக்க வேண்டும். இவர்கள் தாமாக எடை தூக்கவே கூடாது. என்ன, பஸ், காத்திருப்பு, கட்டணம் என்று அலுத்துப்போய்ப் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், பயிற்சியை மையத்தில் கற்றுக்கொண்டு வீட்டில் தொடருங்கள். மாதம் ஒருமுறை போய்க் காட்டுங்கள். வாரம் 3 நாள் 30 நிமிட நடை, 2 நாள் தசைப் பயிற்சி என்பது மெல்ல மெல்ல எட்ட வேண்டிய அளவு. காய்ச்சலோ மூக்கில் ரத்தமோ வந்தால் அன்று எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.