பெட்டி மேல் ஹாரியட், உள்ளே மீசைக்காரர்

"ஹாரியட் குவிம்பி ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிளேரியோ விமானம்" என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் 2,850 ரூபாய் கொடுத்து இந்த மர மாடல் கிட்டை வாங்கினேன். ஹாரியட் ஒரு பெண் விமானி. பிரித்துப் பார்த்தால், விமானி பொம்மைக்கு அடர்த்தியான மீசை. இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர்.

மீசை, இந்த விமானத்தை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் லூயி பிளேரியோவுடையது. அந்த மூன்று சிலிண்டர் அன்சானி இன்ஜினும் 1909-இல் அவர் கால்வாயைத் தாண்டியபோது வைத்திருந்ததுதான். ஹாரியட் ஓட்டியதில் 50 குதிரைத்திறன் நோம் இன்ஜின். ஏழு சிலிண்டர், புரொப்பல்லரோடு சேர்ந்து இன்ஜினே சுற்றும். பழைய கிட்டுக்குப் புது அட்டை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கோபத்தை ஓரமாக வைத்தால் சாமான் நல்ல சாமான். இருபதில் ஒரு பங்கு அளவு, இறக்கை நுனிக்கு நுனி 39 செ.மீ. பால்சா துண்டுகளில் பிசிறே இல்லை. உடலின் பின்பாதிக்குத் துணி போர்த்தாமல் வெறும் சட்டமாக விட்டிருப்பதும் அசலைப் போலவேதான். எனக்கு ரொம்பப் பிடித்தது இறக்கை நூல்கள். அந்தக் கால பிளேரியோவைச் சாய்த்துத் திருப்ப, கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்க வேண்டும். இதிலும் நூலை இழுத்தால் இறக்கை நிஜமாகவே முறுகுகிறது! முடிச்சுப் போடத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உடனே ஒட்டும் பசை வேண்டாம், நூல் விறைத்துவிடும். ஃபெவிகால் ஒரு பொட்டு போதும்.

வழிமுறைத் தாளில் ஹாரியட்டுக்கு ஒரே வரி: அமெரிக்காவில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண். சரிதான், 1911 ஆகஸ்டில் வாங்கினார், உரிம எண் 37. ஆனால் கதை அதற்கப்புறம்தானே இருக்கிறது? பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 1912 ஏப்ரல் 16 காலையில், ஊதா சாட்டின் உடையும் இடுப்பில் கட்டிய வெந்நீர்ப் பையுமாக இங்கிலாந்தின் டோவரிலிருந்து கிளம்பினார். கால்வாய் முழுக்க மூடுபனி. திசைகாட்டியை மட்டும் நம்பிப் போக வேண்டும்; அதைப் பார்த்து ஓட்டவே அப்போதுதான் கற்றிருந்தார். எதிர்க்கரையில் பிரான்ஸின் கலே நகருக்கு என்று புறப்பட்டவர் 59 நிமிடத்தில் ஹார்டெலோ கடற்கரையில் இறங்கினார். முந்தைய நாள்தான் டைட்டானிக் மூழ்கியிருந்தது. நாளிதழ்களில் இவருக்கு எங்கே இடம்?

அதே வருடம் ஜூலை 1, பாஸ்டன் பக்கம் ஒரு விமானக் காட்சி. இரண்டு பேர் உட்காரும் பிளேரியோ திடீரென்று மூக்கைக் கவிழ்த்தது. முதலில் பயணி வில்லியம் வில்லார்ட், அடுத்து ஹாரியட், இருவரும் வெளியே வீசப்பட்டு இறந்தார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. ஆளில்லாத விமானம் தானாகச் சறுக்கி வந்து சேற்றில் இறங்கியது.

பார்சலில் இரண்டு இறக்கை எலும்புகள் உடைந்து வந்தன. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை, தீக்குச்சி வைத்து ஒட்டினேன். பால்பென் ரீஃபிலை வெட்டி, நூல் சுற்றி, ஏழு சிலிண்டரும் செய்தாயிற்று. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள், முடிச்சிலேயே அழுதுவிடுவார்கள்.

மீசையை என் மகள் நகம் தேய்க்கும் அரத்தால் ராவி, பொம்மைக்கு ஊதா வண்ணம் அடித்தாள். அப்புறம் ரிப்பனில் மெல்லிசாக ஒரு பட்டை வெட்டி, பொம்மையை இருக்கையோடு சேர்த்து ஒட்டிவிட்டாள். சிலிண்டரை எண்ணி எண்ணிப் பார்த்த நான், அது சரியா தப்பா என்று பார்க்கப் போகவில்லை.