ஆற்று மணலா, மேட்டு மணலா? கனகராயன் ஆற்றங்கரையில் இரண்டு கைப்பிடி

வீட்டு வேலை தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: ஆற்றுக்குள் அள்ளின மணலா, கரைக்கு மேலே பழைய மேட்டில் வெட்டினதா? மேட்டில் கிடப்பதும் ஆறு ஒரு காலத்தில் கொண்டுவந்து போட்டதுதானே, எது என்றால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். கொண்டுவந்தது ஒரே ஆறுதான், ஆனால் மேட்டு மணல் பல்லாயிரம் வருட மழையிலும் வெயிலிலும் கிடந்து மாறிவிட்டது.

ஆவணியில் வன்னியின் மாங்குளம் பக்கம் கனகராயன் ஆறு வற்றிக் கிடக்கும்போது ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி இருப்பது படிகக்கல், அதுதான் அதிகம். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு மின்னுவது பெல்ஸ்பார் என்ற கனிமம், கறுப்புப் பொட்டுகள் இரும்புள்ள ஹோர்ன்பிளெண்டும் இல்மனைட்டும், தகடு தகடாய் மினுங்குவது காக்காய்ப்பொன். ஆறு நீளமில்லாததால் மணிகள் அதிகம் உருண்டுபோகவில்லை, முனை இருக்கிறது, சீமெந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.

மேட்டு மணலில் படிகக்கல் அப்படியே இருக்கும், ஆனால் பெல்ஸ்பாரை நகத்தால் அழுத்தினால் வெள்ளை மாவாக உதிரும், ஏனென்றால் அது பாதி களிமண்ணாகிவிட்டது. இரும்புள்ள கனிமங்கள் சிதைந்து துருவாகி ஒவ்வொரு மணியையும் செம்மஞ்சளாகப் போர்த்தியிருக்கும். மணியளவும் கலப்படம்: 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பரல், பருமணல், விரலிடுக்கில் ஒட்டும் களி எல்லாம் ஒன்றாய் வரும். கழுவினால் சரிதானே என்றால், தளர்ந்த களி போகும், மணியோடு ஒட்டின போர்வை போகாது. கொங்கிறீட்டுக்கு ஆற்று மணல்தான், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

ஆற்று மணல் என்று சொல்லி இறக்கினதையும் நம்பிவிடாதீர்கள். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே படியும் சேறு மணல் உயரத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் நான் அந்த லோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் தோட்டத்துக்கு வந்தால் கதை தலைகீழ். ஆற்று மணலில் ஊற்றின தண்ணீர் நிற்காது, பசளையும் அதோடு போய்விடும். மேட்டு மண்ணின் அந்தக் களிதான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கச்சானுக்கும் மரவள்ளிக்கும் அப்படிப்பட்ட மண்தான் தோது, காய் இழுக்க இலகு, கிழங்கும் தடையில்லாமல் இறங்கும். அதை ஏன் அள்ளி நிலத்தைக் குழியாக்க வேண்டும்?

அப்புறம் ஒன்று. இதே ஆற்றில் உள்ள இரணைமடுக் குளத்துப் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் பரல் படையில் கற்கால மனிதர்கள் படிகக்கல்லில் செதுக்கின கருவிகள் கிடைத்திருக்கின்றன. மண் வெட்டும்போது உருண்ட பரல்களுக்கு நடுவே கூர்விளிம்போடு ஒரு கல் கண்ணில் பட்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு அதை எடுத்துப் பாருங்கள்.