கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு பழைய புத்தகக் கடை

கிளிநொச்சியில் கொப்பி, பேனைக் கடைகளுக்குக் குறைவில்லை. வாசிக்கப் புத்தகம் வேண்டுமென்றால் இங்கே போகலாம். மதத் தலைவர்களும் மக்கள் போராட்டங்களும் பற்றிய ஒரு சிறுநூல் வாங்கினேன். அதில் பிலிப்பைன்ஸ் கதை வருகிறது: 1986 பெப்ரவரியில் அங்கத்தைய கத்தோலிக்கத் தலைவர் கர்தினால் ஹைமே சின் வெரித்தாஸ் வானொலியில் மக்களை வீதிக்கு அழைக்க, சனம் மணிலாவின் எட்சா வீதியை நிறைத்தது. 25ஆம் திகதி சர்வாதிகாரி மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். படையில் ஒரு பகுதி முதலே பிரிந்து வந்ததை நூல் இரண்டு வரியில் கடந்துவிடுகிறது, அது பெரிய குறை. 2007இல் மியன்மார் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்து இராணுவத்தாரின் தானத்தை மறுத்த பகுதிதான் அருமை. (இங்கே இருந்துகொண்டு அதை வாசிப்பது தனி அனுபவம்!) கடைக்கார அண்ணை விலை குறைக்கமாட்டார், ஆனால் நின்று வாசித்தால் முகம் சுளிக்கமாட்டார். தூசி அதிகம், மாஸ்க் கொண்டுபோங்கள்.