அடிக்கிறார், கத்துகிறார்: மாத்திரையா, காரணம் தேடுவதா?

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்தவர் இரவெல்லாம் கத்துகிறார், குளிக்கக் கூப்பிட்டால் கை ஓங்குகிறார். கூட இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்பது ஒன்றுதான்: அமைதிப்படுத்த ஏதாவது கொடுங்கள். அதில் தப்பே இல்லை. நாள்கணக்கில் தூங்காதவர்கள் வேறென்ன கேட்பார்கள்?

பெரும்பாலும் கிடைப்பது ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்து. மூர்க்கத்தை ஓரளவு குறைக்கும். ஆனால் விலை பெரிது. 17 ஆய்வுகளை அலசிய அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது: சுமார் 10 வாரங்களில், இந்த வகை மருந்து எடுத்த டிமென்ஷியா முதியவர்களில் 4.5% பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6%. பக்கவாதம், கீழே விழுவது, எந்நேரமும் மந்தமாகக் கிடப்பது எல்லாம் தனிக்கணக்கு. மூளையில் ஒருவகைப் புரதம் படிவதால் வரும் லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால், ஹாலோபெரிடால் என்ற பழைய மனநோய் மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எதிர்ப்பக்கம், காரணம் தேடுவது. இது மெதுவான வழிதான், ஆனாலும் என் ஓட்டு முதலில் இதற்கே. நேற்றுவரை சாதுவாக இருந்தவர் திடீரென்று மாறினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சட்டை மாற்றும்போது மட்டும் அடிக்கிறாரா? தோள்பட்டை வலிக்கிறதா என்று பாருங்கள். வலிக்கிறது என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை, கைதான் இருக்கிறது. நார்வேயில் முதியோர் இல்லங்களில் இருந்த 352 டிமென்ஷியா நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு 8 வாரம் முறையாக வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். மருந்து எடுத்தவர்களிடம் கத்துவது, அடிப்பது போன்ற கிளர்ச்சி சராசரியாக 17% குறைந்தது. 2011இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, வலியால் கத்திய எத்தனை பேரை மயக்கிப் படுக்க வைத்திருப்போம் என்று மனம் கனத்துப்போனது.

நடுவில் இருக்கும் மருந்துகளில், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிட்டலோபிராம் சிலருக்குக் கேட்கிறது, ஆனால் பலன் தெரிந்த 30 மில்லிகிராம் அளவு இதயத் துடிப்பைப் பாதித்தது. இன்னொரு மனச்சோர்வு மருந்தான மிர்ட்டசாபின் 2021இல் வந்த ஆய்வில் பலன் தரவில்லை. தூக்க மாத்திரைகள் குழப்பத்தையும் விழுவதையும் கூட்டும்; வழக்கமாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

சரி, மனநோய் மருந்து வேண்டவே வேண்டாமா? வேண்டும், சில நேரம். அவருக்கோ கூட இருப்பவருக்கோ அடிபடும் நிலை வந்து, காரணம் தேடியும் அடங்கவில்லை என்றால் கொடுக்கத்தான் வேண்டும். அதற்காகப் பராமரிப்பவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. பிரிட்டனில் அல்சைமர் வகை டிமென்ஷியா நோயாளிகளின் தீராத மூர்க்கத்துக்கு ரிஸ்பெரிடோனை 6 வாரம் வரைதான் அனுமதித்திருக்கிறார்கள். தவறு பெரும்பாலும் நேர்வது அப்புறம்தான்: ஆள் அடங்கிவிட்டார் என்று மருந்துச்சீட்டு மாறாமல் மாதக்கணக்கில் ஓடும். மருந்து தொடங்கும் அன்றே, எந்தத் தேதியில் குறைக்கத் தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.